வெட்டிய ரோஜாவின் வாழ்நாள்: செடியிலிருந்து பூச்சாடி வரை

செடியிலிருந்து வெட்டிய பிறகும் ரோஜா உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, நீர் இழுக்கிறது, இதழ் விரிக்கிறது. வேர் அனுப்பிக்கொண்டிருந்த நீர் நின்றுவிட்டது. செடியின் இலைகள் அனுப்பிய சர்க்கரையும் நின்றுவிட்டது. தண்டிலும் இதழிலும் இருக்கும் கையிருப்பை வைத்தே மிச்ச நாள்களை ஓட்டியாக வேண்டும். அந்தக் கையிருப்பு கரையும் வேகத்தைப் பொறுத்தே அது பூச்சாடியில் மூன்று நாள் நிற்பதும் பத்து நாள் நிற்பதும். கொய்மலர் ரோஜா கெடுவதற்கு முதன்மையாக நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன: தண்டுக்குள் நீரோட்டம் தடைபடுவது, சர்க்கரை தீர்ந்துபோவது, எத்திலீன் வாயு முதுமையை முன்கூட்டியே கொண்டுவருவது, சாம்பல் பூஞ்சணம் இதழைத் தின்பது. இவை நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கடையில் வாங்கிய ரோஜா இரண்டாம் நாளே தலை கவிழ்ந்தால் அது வயதாகிச் சாகவில்லை. பெரும்பாலும் தாகத்தால் சாகிறது. அந்தத் தாகமும் பூச்சாடியில் தொடங்குவதில்லை. வெட்டிய முதல் சில மணி நேரத்தில், வாங்குபவர் கண்ணில் படாத இடத்தில் தொடங்கிவிடுகிறது.

இதை ஒரு மலையூரை வைத்துப் பார்க்கலாம். சேலத்திலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலைமேல் ஏற்காடு இருக்கிறது. அங்கிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதைப் பக்கம் இருக்கும் ஊர் கொட்டச்சேடு. சேர்வராயன் மலையின் பயிர் என்றால் காப்பிதான். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820 வாக்கில் காப்பியை இங்கே கொண்டுவந்தார். மிளகும் ஆரஞ்சும் பலாவும் காப்பியோடு கூட வளர்கின்றன. ரோஜா இந்த மலையின் பெரும்பயிர் அல்ல. வீட்டு முற்றங்களிலும் நாற்றுப் பண்ணைகளிலும் பூங்காக்களிலும் வளரும் செடி அது. ஆனாலும் ரோஜாவுக்கும் ஏற்காட்டுக்கும் நெருக்கம் உண்டு. இங்கே அரசு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது; ‘ஒய்.சி.டி.’ என்ற எழுத்துகளோடு வழங்கும் ரோஜா ரகங்கள் ஏற்காட்டின் பெயரைச் சுமப்பவை.

தமிழ்நாட்டின் கொய்மலர் வணிகம் பெரும்பாலும் ஓசூர், பாகலூர், தளி, பேரிகை வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் நடக்கிறது. அமுதகொண்டபள்ளியில் டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா, தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டு முயற்சியில் உருவான கொய்மலர் மகத்துவ மையம், எட்டும் தொலைவில் பெங்களூரு விமான நிலையம் என்று அங்கே எல்லா வசதியும் அமைந்துவிட்டது. வெட்டிய பூ குளிர் அறைக்குப் போகிறது, குளிர் அறையிலிருந்து குளிர்பதன வண்டிக்கு, வண்டியிலிருந்து விமானத்துக்கு. பிப்ரவரி 14க்கு முந்தைய வாரங்களில் சிவப்பு ‘தாஜ்மகால்’ ரகம் வெளிநாடுகளுக்குப் போவது இந்த வழியில்தான். இந்த ஏற்பாடு எதுவும் இல்லாத ஒரு மலையூர்க்காரர், நூறு இருநூறு தண்டு வெட்டிச் சேலத்துக்கு அனுப்ப விரும்பினால் என்ன செய்யலாம் என்பது தனிக் கேள்வி. விடை அவ்வளவு மனம் தளரச் செய்வதாக இல்லை. ரோஜாவைக் காக்கும் செயல்களில் பாதிக்கு மேல் மின்சாரம் கேட்பவை அல்ல.

மாலைக்குப் போகும் உதிரி ரோஜாவின் கணக்கு வேறு. பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் காம்பில்லாமல் கிள்ளப்பட்டு, ஈரத்துணி போர்த்தி, தண்ணீர் தெளித்து, அன்றைக்கே விற்றுத் தீர்பவை. ஒரு நாள் தாங்கினால் போதும். நீண்ட தண்டோடு வெட்டிச் சாடியில் வைக்கும் ரோஜாவுக்கு அந்தப் பழக்கங்களை அப்படியே பொருத்தினால் கேடுதான் வரும். குறிப்பாக இதழில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம்.

வெட்டும் பருவம்தான் முதல் முடிவு. பின்னால் திருத்த முடியாத முடிவும் அதுவே. புல்லிகள் மொட்டை விட்டு விலகிக் கீழ்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். வெளி இதழ் ஒன்றிரண்டு இளகத் தொடங்கியிருக்க வேண்டும். சிவப்பு, இளஞ்சிவப்பு ரகங்களுக்கு இதுவே பொது அளவு. மஞ்சள் ரகங்களை இதைவிடச் சற்று இறுக்கமாகவும், வெள்ளை ரகங்களைச் சற்று விரிந்த நிலையிலும் வெட்டுவார்கள். அதற்கு முன்பே வெட்டினால் மொட்டு திறக்காது. மொட்டுக்குக் கீழே உள்ள கழுத்து முற்றியிருக்காததால் அங்கே மடிந்து தொங்கிவிடும். காலம் தாழ்த்தினால் வழியில் இதழ் நசுங்கும், சாடியில் இருக்கும் நாளும் குறையும். பருவகாலத்துக்கேற்ப இந்த அளவை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். வெயில் காலத்தில் மொட்டு தானே வேகமாக விரியும், ஆகவே இறுக்கமாக வெட்டலாம். வெளிச்சம் குறைந்த மழை, மஞ்சுக் காலத்தில் மொட்டில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. அப்போது ஓர் இதழ் கூடுதலாக இளகும்வரை பொறுப்பதே நல்லது. சேர்வராயனில் மஞ்சு இறங்கும் மாதங்களில் இந்தப் பொறுமை மிகவும் தேவைப்படும்.

எந்த நேரத்தில் வெட்டுவது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. விடியற்காலையில் பூவும் தண்டும் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். மாலையில், பகல் முழுதும் இலைகள் சமைத்த சர்க்கரை தண்டில் சேர்ந்திருக்கும். இரண்டுமே உண்மை. சமவெளியில் மாலை வெயிலின் சூடு மாலைக் கொய்தலின் ஆதாயத்தைத் தின்றுவிடும் என்பதால் அங்கே காலையே பாதுகாப்பு. மலையில் நிலைமை வேறு. வெயில் தணிந்தபின் நான்கு ஐந்து மணிக்கு வெட்டி, இரவு முழுதும் சுத்தமான நீரில் நிறுத்தி, விடியுமுன் வண்டியேற்றினால் சர்க்கரையும் கிடைக்கிறது, நீரும் கிடைக்கிறது. குளிர்காலத்தில் 13, 14 டிகிரி செல்சியஸ்வரை இறங்கும் ஏற்காட்டு இரவு, குளிர் அறைக்கு ஈடாகாது என்றாலும் சமவெளிக்காரருக்கு வாய்க்காத ஒரு வசதி. சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட் போன்ற சந்தைகள் அதிகாலையில் சூடுபிடிப்பவை; இந்த நேரக் கணக்கு அதற்கும் ஒத்துவருகிறது. கொட்டச்சேடு போன்ற ஊர்களுக்கு மாலைக் கொய்தலே ஏற்றது.

வெட்டும் கருவி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கவாத்துக் கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய திசு அழுகி நீர்க்குழாய்களை அடைக்கும், பாக்டீரியாவுக்கும் உணவாகும். ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலை இரண்டையாவது செடியில் விட்டு, வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுவது வழக்கம். அடுத்த தண்டு அந்தக் கணுவிலிருந்தே வர வேண்டியிருப்பதால், தண்டு நீளத்துக்கு ஆசைப்பட்டு அடிவரை வெட்டினால் அடுத்த பூ தள்ளிப்போகும். ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் இடையே கத்தரியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலிலோ ஸ்பிரிட்டிலோ நனைத்துத் துடைப்பது நோய் பரவாமல் காக்கும்.

கத்தரி மூடும் அந்த ஒரு கணத்தில் தண்டுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். செடியில் நீர் கீழிருந்து தள்ளப்படுவதைவிட மேலிருந்து இழுக்கப்படுவதே அதிகம். இலைகள் நீரை ஆவியாக்க, அந்த இழுவிசையில் நீர்க்கம்பி அறுபடாமல் மேலே ஏறுகிறது. வெட்டியதும் அறுந்த முனை வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நீர்க்குழாய்கள் தண்டு முழுக்க ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் நுண்ணிய சவ்வு இருக்கிறது. நீர் அதைக் கடக்கும், காற்றுக் குமிழி எளிதில் கடக்காது. ஆகவே காற்று புகுவது வெட்டுப்பட்ட குழாய்களின் நீளம்வரைதான். உடனே நீரில் வைத்தால் பெரும்பாலான குழாய்கள் மீண்டும் நிரம்பிவிடும். வரப்பில் குவித்துப்போட்டு, எல்லாம் வெட்டி முடித்தபின் தூக்கிச் சென்றால், மேலே இலைகள் இழுத்துக்கொண்டே இருப்பதால் காற்று முழுமையாகப் புகுந்து உட்கார்ந்துவிடுகிறது. பக்கெட் பூவைத் தேடிச் செடி ஓரத்துக்கு வர வேண்டும், பூ பக்கெட்டைத் தேடிப் போகக் கூடாது என்பது இதனால்தான். பிறகு பூவைக் கையாளும் ஒவ்வொரு கட்டத்திலும் அடித்தண்டை இரண்டு சென்டிமீட்டர், முடிந்தால் நீருக்குள்ளேயே வைத்து, சாய்வாக வெட்டினால் அடைபட்ட முனை போய்ப் புது முனை கிடைக்கும். சாய்வு வெட்டு பரப்பைக் கூட்டுகிறது என்பதைவிட, தண்டு சாடியின் அடியில் ஒட்டி உட்காராமல் காக்கிறது என்பதே அதன் உண்மையான பயன்.

காற்றுக்கு அடுத்த எதிரி பாக்டீரியா. நீண்ட காலக் கேட்டைக் கணக்கிட்டால் காற்றைவிடக் கொடியது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் வூட்டர் வான் டோர்ன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980களிலும் 1990களிலும் ரோஜாத் தண்டின் நீரோட்டத்தை விரிவாக ஆராய்ந்தனர். தண்டின் அடி முனையில் பாக்டீரியாக்களும் அவை சுரக்கும் வழவழப்பும் சேர்ந்து குழாயை அடைப்பது அந்த ஆய்வுகளில் தெளிவானது. இறந்த பாக்டீரியாவும் அடைக்கும் என்பது இதில் மறக்கக் கூடாத செய்தி. அழுக்கு நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினாலும் அடைப்பு போகாது என்று பொருள். இன்னொன்று: ஒரு மில்லிலிட்டரில் பாக்டீரியா எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு கோடியைத் தொடும்போதுதான் நீர் கலங்கலாகக் கண்ணுக்குத் தெரியும். பத்து லட்சம் இருந்தாலும் நீர் பளிங்காகவே தோன்றும். ரோஜாவோ அதற்குள் திணறத் தொடங்கியிருக்கும். பக்கெட்டின் உட்சுவரில் விரல் தேய்த்தால் வழுக்குகிறதா என்று பார்ப்பது கண்ணைவிட நம்பகமான சோதனை. வழுக்கினால் அந்தப் பக்கெட்டைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தபின்பே பூவுக்கு எடுக்க வேண்டும்.

பக்கெட் நீருக்குச் சுமார் 50 பி.பி.எம். குளோரின் போதும். கடையில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் குளோரின் மூன்றில் ஒரு பங்கு இருப்பதாகக் கொண்டால், 10 லிட்டர் நீருக்கு ஒன்றரை கிராம், அதாவது தேக்கரண்டியில் கால் பாகத்துக்குச் சற்று மேல். அதற்கு மேல் போட்டால் தண்டும் இலையும் வெந்துபோகும். குளோரின் வெயிலிலும் இலைக் குப்பையிலும் விரைவில் வீரியம் இழப்பதால் நாள்தோறும் புதிதாகக் கரைக்க வேண்டும். தண்டின் அடிப்பாகத்தில், நீருக்குள் மூழ்கும் அளவுக்கு இலைகளை நீக்குவது இந்தச் சுத்தத்தின் இன்னொரு பாதி. மூழ்கிய இலை ஒரே நாளில் அழுகத் தொடங்கும். முள்ளை நீக்கும்போது பட்டை உரியாமல் பார்க்க வேண்டும். உரிந்த இடத்திலிருந்து கசியும் சாறு பாக்டீரியாவுக்கு விருந்து.

நீரின் தரமும் பேசப்பட வேண்டியது. ரோஜா உப்புக்கு இசையாத பூ. மலை ஓடை நீரும் மழைநீரும் இதற்கு நல்லவை. சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, காரத்தன்மை கூடியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜெர்பரா, கிளாடியோலஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும் ரோஜாவையும் ஃபுளோரைடு பாதிக்கும். சோடியம் கலந்து மென்மையாக்கும் கருவியின் நீர் கடின நீரைவிட மோசம். நீரைச் சற்றே அமிலமாக்கி, பி.எச். அளவை மூன்றரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் அது தண்டில் எளிதாக ஏறுகிறது, பாக்டீரியாவின் பெருக்கமும் தளர்கிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் சிட்ரிக் அமிலம் பண்ணைகளில் வழக்கமான அளவு. நீர் கடினமானால் கூடுதலாகத் தேவைப்படும்.

இனி மஞ்சு. மலை ரோஜாவின் நிறமும் இதழ்ப் பருமனும் குளிர்ந்த ஈரக் காற்றால் கூடுகின்றன. அதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அதே ஈரம் பூச்சாடியில் ஒரு விலை கேட்கிறது. காற்றின் ஈரப்பதம் இரவும் பகலும் 90 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் இடத்தில் வளர்ந்த ரோஜாவின் இலைத்துளைகள் மூடப் பழகுவதில்லை என்று நார்வே வேளாண் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சாதாரண ரோஜா இருட்டினாலோ நீர் குறைந்தாலோ இலைத்துளைகளை மூடிக்கொண்டு சேமிக்கும். ஈரத்தில் வளர்ந்ததோ வறண்ட அறைக்கு வந்தபின்பும் திறந்த வாயோடு நீரை விட்டுக்கொண்டே இருக்கும். ரகத்துக்கு ரகம் இந்தப் பழுது கூடும் குறையும்.

இறங்கும் வழியில் காற்றின் தாகம் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. மலையில் 20 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், இலையிலிருந்து நீரை உறிஞ்சும் ஆவியழுத்தக் குறைவு ஏறத்தாழ 0.23 கிலோபாஸ்கல். சேலத்தில் கோடைப் பகலில் 36 டிகிரியும் 40 விழுக்காடும் இருந்தால் அது 3.5 கிலோபாஸ்கலுக்கு மேல். பதினைந்து மடங்கு. மலைச்சாரலில் நிம்மதியாக நின்ற தண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் பதினைந்து மடங்கு உறிஞ்சும் காற்றில் வைக்கப்படுகிறது. அதன் இலைத்துளைகளும் மூட மறுக்கின்றன. மலையிலிருந்து வந்த பூ அழகாக இருந்தும் சீக்கிரம் வாடுகிறதே என்று சந்தையில் சொல்லப்படும் குறைக்கு விளக்கம் பெரும்பாலும் இதுதான்.

இதற்குப் பரிகாரம் வளர்ப்பிலேயே இருக்கிறது. செடிகளை நெருக்கி நடக் கூடாது. காப்பியின் நிழல்மரங்களுக்கு அடியில் ரோஜா வைக்கக் கூடாது. பாலிஹவுஸ் என்றால் பக்கத் திரைகளைப் பகலில் உயர்த்திக் காற்றோட்டம் தர வேண்டும். நாளில் சில மணி நேரம் காற்று உலர்ந்தாலும் இலைத்துளைகள் மூடக் கற்றுக்கொள்கின்றன. வெட்டியபின் செய்யக்கூடியது, தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கு இலைகளை நீக்கி ஆவியாகும் பரப்பைக் குறைப்பதும், வண்டியில் வெயிலும் காற்றும் அடிக்காமல் மூடுவதும்.

மஞ்சு கொண்டுவரும் இன்னொரு தொல்லை சாம்பல் பூஞ்சணம். இதன் வித்துகள் முளைக்க இதழின் மேல் சில மணி நேரம் ஈரப்படலம் நின்றால் போதும். 20 டிகிரியை ஒட்டிய வெப்பம் அதற்கு மிகவும் பிடிக்கும். குளிர் அறையிலும் அது சாவதில்லை, மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும். வெள்ளை இதழில் இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தொடங்கி, பழுப்புத் திட்டாகி, பெட்டியைத் திறக்கும்போது சாம்பல் பஞ்சாக நிற்கும். பனி காயாத பூவை வெட்டாமல் இருப்பதும், நனைந்த பூவைத் தலைகீழாக உதறிக் காற்றாடவைத்தபின் கட்டுவதும், உதிர்ந்த பழைய இதழ்களைத் தோட்டத்தில் விடாமல் பொறுக்கி எரிப்பதும் மருந்தடிப்பதைவிடப் பலன் தருபவை. குளிர்ந்த பூவைத் திடீரென்று வெக்கையில் திறந்தால் இதழில் நீர் வியர்க்கும். அந்த வியர்வையே பூஞ்சணத்துக்கு வாசல். பெட்டியைத் திறக்காமல் சிறிது நேரம் வைத்துச் சூட்டோடு பழக்க வேண்டும்.

வெப்பம் பற்றிய விதி எளியது. வெப்பம் 10 டிகிரி கூடும்போது பூவின் மூச்சு வேகம் இரண்டு மடங்குக்குக் குறையாமல் கூடுகிறது. 1 டிகிரியில் இருக்கும் பூவைவிட 31 டிகிரியில் இருக்கும் பூ குறைந்தது எட்டு மடங்கு வேகத்தில் தன் சர்க்கரையை எரிக்கிறது என்று அதற்குப் பொருள். வணிகப் பண்ணைகளில் வெட்டிய ஓரிரு மணி நேரத்துக்குள் பூ 2 முதல் 4 டிகிரி குளிர் அறைக்குள் போய்விடும். நீரில் நிறுத்தி நான்கைந்து நாள் அங்கே வைக்கலாம். ஈரம் புகாத உறையில் உலர்ந்த நிலையில், 1 டிகிரியை ஒட்டி, இரண்டு வாரம்வரைகூட வைப்பதுண்டு. ஆனால் வைத்த நாளில் ஒரு பகுதி பூச்சாடி நாளிலிருந்து கழிந்துவிடும். பூச்சியத்துக்குக் கீழே போனால் இதழ் உறைந்து கருகும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பழங்களோடு பூவை வைப்பது வேறு காரணத்தால் தவறு.

அந்தக் காரணம் எத்திலீன். பழுக்கும் பழம், வாகனப் புகை, அழுகும் இலை, முற்றிய பூ எல்லாம் இந்த வாயுவை வெளிவிடுகின்றன. ரோஜாவில் சில ரகங்கள் இதற்கு அசைந்துகொடுப்பதில்லை. சில ரகங்கள் வேகமாக விரிந்து இதழ் உதிர்க்கும். இன்னும் சில மொட்டு மொட்டாகவே நின்றுபோகும். சேலம் வட்டாரத்தில் மாம்பழப் பருவத்தில் பழக்கூடைகளோடு ஒரே வண்டியில் ரோஜாவை ஏற்றுவது எத்திலீன் அறைக்குள் வைத்து அனுப்புவதற்குச் சமம். பலாவும் வாழையும் அப்படித்தான். எத்திலீனைத் தடுக்க வெள்ளித் தயோசல்பேட்டை 1978இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வேனும் வான் டி கெய்னும் அறிமுகம் செய்தனர். கார்னேஷனில் அது பெரிய மாற்றத்தை உண்டாக்கியது. வெள்ளி கன உலோகம், கழிவுநீரில் கலப்பது கேடு என்பதால் பின்னர் அமெரிக்காவின் வட கரோலினாவில் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் கண்டறிந்த 1-எம்.சி.பி. வாயு பல இடங்களில் அதன் இடத்தைப் பிடித்தது. சிறு விவசாயிக்கு இவ்விரண்டும் தேவைப்படாது. பழத்தையும் பூவையும் பிரித்து ஏற்றினாலே போதும்.

தரம்பிரிப்பிலும் கட்டுவதிலும் சொல்ல அதிகமில்லை. தண்டு நீளத்தைப் பத்துப் பத்து சென்டிமீட்டராகப் பிரித்து, இருபது தண்டுகளை ஒரு கட்டாக்கி, தலைப்பகுதியை நெளி அட்டையால் சுற்றுவது நம் நாட்டுச் சந்தை வழக்கம். கட்டில் எல்லாத் தலைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், வளைந்த தண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. சேலம்வரை மட்டும் போகும் பூவைப் பெட்டியில் படுக்கவைக்கத் தேவையே இல்லை. பக்கெட்டில் நான்கு விரல் உயர நீரோடு நிறுத்தி, கொண்டையூசி வளைவுகளில் சாயாதபடி கட்டி, மேலே நனைத்துப் பிழிந்த சாக்குப் படுதா போர்த்தி அனுப்பலாம். சாக்கு பூவைத் தொடக் கூடாது.

வணிகக் கரைசல்களில் அடிப்படையாக மூன்று பொருள்கள் இருக்கும்: சர்க்கரை, அமிலம், கிருமிக்கொல்லி. சர்க்கரை, நின்றுபோன உணவை ஈடுகட்டுகிறது. மொட்டு முழுதாக விரிவதும் சிவப்பு ரோஜா நீலம் பாயாமல் இருப்பதும் அதனால்தான். உணவு தீர்ந்த இதழில் புரதம் சிதைந்து அம்மோனியா சேரும்போது இதழ்ச்சாற்றின் அமிலத்தன்மை குறைகிறது, சிவப்பு நிறமி நீலத்துக்குச் சாய்கிறது. கிருமிக்கொல்லியாக 8-ஹைட்ராக்சிகுயினோலின் உப்புகள் லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. இந்திய ஆய்வுகளில் அடிக்கடி வருவது அலுமினியம் சல்பேட், லிட்டருக்கு 300 மில்லிகிராம். கலங்கிய நீரைத் தெளியவைக்கக் கிராமங்களில் போடும் படிகாரத்தின் உறவுப்பொருள் இது. நீரை அமிலமாக்குகிறது, இலைத்துளைகளையும் ஓரளவு மூடச் செய்கிறது. மஞ்சுக்காட்டு ரோஜாவுக்கு இந்தக் கடைசிக் குணம் தனிப்பயன். மலையில் இரவு முழுதும் நிறுத்தும் நீரில் இதையும் இரண்டு விழுக்காடு சர்க்கரையையும் கலந்துவிட்டால் மறுநாள் இறக்கத்தைப் பூ நன்றாகத் தாங்கும்.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியவை குறைவு, ஆனால் தள்ளிப்போடக் கூடாதவை. சாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்டின் அடியை இரண்டு சென்டிமீட்டர் நீருக்குள் வைத்து வெட்டி, மூழ்கும் இலைகளை நீக்கி வைக்க வேண்டும். கடைக்காரர் தரும் பூ உணவுப் பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி திரவ பிளீச் கலந்தால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். எலுமிச்சையையும் பிளீச்சையும் நீரில்லாமல் நேரடியாகக் கலக்கக் கூடாது. நச்சு வாயு எழும். முதலில் நீர், பிறகு ஒவ்வொன்றாக. சர்க்கரை மட்டும் போடுவது, ஒன்றும் போடாததைவிட மோசம். பூவுக்கு முன் பாக்டீரியா அதைச் சாப்பிட்டுவிடும். செம்புக்காசு போடுவதால் பயனில்லை, அதிலிருந்து கரையும் செம்பு கிருமியைக் கொல்லப் போதாது. ஆஸ்பிரின் மாத்திரை நீரைச் சற்று அமிலமாக்கும், அவ்வளவே. மின்விசிறிக்கு நேராகவும் ஜன்னல் வெயிலிலும் பழத்தட்டின் பக்கத்திலும் சாடியை வைக்கக் கூடாது.

தலை கவிழ்ந்த ரோஜாவைத் தூக்கி எறிய அவசரம் வேண்டாம். கழுத்து மடிந்தது முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ என்றால் உள்ளே அடைப்புத்தான். தண்டை மூன்று சென்டிமீட்டர் நீருக்குள் வெட்டி, தலையை நிமிர்த்திக் காகிதத்தில் நேராகச் சுருட்டி, கழுத்துவரை வெதுவெதுப்பான நீரில் ஓரிரு மணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலும் எழுந்துவிடும். இதழ் ஓரம் கருகி உதிரத் தொடங்கியபின் எந்த வைத்தியமும் பலிக்காது. அப்படி முடிந்த பூவை அன்றே சாடியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது விடும் எத்திலீனும் சுமக்கும் பூஞ்சணமும் பக்கத்துப் பூக்களையும் கெடுக்கும். மிஞ்சிய தண்டுகளின் அடியைப் புதிதாக வெட்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, சாடியின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவினால் அவை இன்னும் சில நாள் நிற்கும்.